டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் டவுனுக்கு செட் ஆகுமா? வேலூர் கிரீன் சர்க்கிள், காட்பாடி பிரிட்ஜ் டெய்லி ஓட்றவங்க வாங்க

காட்பாடி_செடான்

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் டர்போ பெட்ரோல் செடான் ஒண்ணு எடுத்தேன், 7 ஸ்பீடு டூயல் கிளட்ச், டிரை கிளட்ச் டைப். கம்பெனி பேரு வேணாம், ஏன்னா இது என் வண்டியில மட்டும் இருக்கற பிரச்சனையா, இல்ல இந்த டைப் கியர்பாக்ஸே இப்படித்தானான்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

ஹைவேல வண்டி தங்கம். பள்ளிகொண்டா டோல் தாண்டி ஒரு மிதி மிதிச்சா கியர் மாறுறதே தெரியாது, அப்படி ஒரு ஸ்மூத். ஆனா டெய்லி என் ஓட்டம் ஹைவே இல்லையே. காலையில காட்பாடில கிளம்பி ஓவர்பிரிட்ஜ் ஏறி பாலாத்து பிரிட்ஜ் தாண்டி சிஎம்சி பக்கம் ஆபீஸ், சாயங்காலம் அதே வழி. இந்த ஊர்ந்து போற டிராஃபிக்ல முன்னாடி வண்டி ரெண்டடி நகர, நானும் பிரேக்கை லேசா விட, வண்டி நகரும்போது கால் வெக்கற ஃப்ளோர்ல ஒரு அதிர்வு வருது, ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்ட் போறப்ப ஒரு சின்ன வெட்டு. அப்புறம் கிரீன் சர்க்கிள்ல பஸ்ஸுக்கு வழி விட்டு ஸ்லோ பண்ணி, கேப் கிடைச்சுதுன்னு மிதிச்சா ஒரு செகண்ட் ஒண்ணுமே நடக்காது, அதுக்கப்புறம் திடீர்னு குதிக்குது. பின்னாடி உக்காந்திருக்கற அம்மா ஒவ்வொரு தடவையும் முன் சீட்டைப் பிடிச்சுக்கறாங்க. இதெல்லாத்தையும் விட பெருசு, கத்திரி டைம்ல ஓவர்பிரிட்ஜ் ஏத்தத்துல ரொம்ப நேரம் மாட்டி கியர்பாக்ஸ் சூடாயிடுச்சுன்னு டிஸ்ப்ளேல வார்னிங் வந்துச்சு. சர்வீஸ் சென்டர்ல காட்டினா "இந்த வண்டி அப்படித்தான் சார் இருக்கும்"னு அனுப்பிட்டாங்க. ஏன் அப்படி இருக்கும்னு யாரும் சொல்லல. அதான் இங்க கேக்கறேன்.

ராணிப்பேட்டை_கியர்பாக்ஸ்

தம்பி, நான் கியர்பாக்ஸ் வேலைதான் செஞ்சுனு இருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுமையா படி.

உன் வண்டியில இருக்கறது ஆட்டோமேட்டிக்னு பேருதானே தவிர உள்ள இருக்கறது மேனுவல் கியர்பாக்ஸ்தான். ரெண்டு கிளட்ச் கீது, கிளட்ச் பெடலுக்கு பதிலா கம்ப்யூட்டர் மிதிக்குது, அவ்ளோதான் வித்தியாசம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவுல வர்ற டிக்யூ200னு சொல்ற 7 ஸ்பீடு டிஎஸ்ஜியை (டூயல் கிளட்ச்சுக்கு அவங்க வெச்ச பேரு) எடுத்துக்கோ, ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியருக்கு, இன்னொரு கிளட்ச் 2, 4, 6, ரிவர்ஸுக்கு. நீ ஃபர்ஸ்ட்ல போய்னு இருக்கும்போதே அது செகண்டை மாட்டி ரெடியா வெச்சினு இருக்கும், பஸ் கண்டக்டர் அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள டிக்கெட்டைக் கிழிச்சு கையில வெச்சினு நிக்கற மாதிரி. மாறணும்னா ஒரு கிளட்ச் விடும், இன்னொண்ணு பிடிக்கும், இழுவை நடுவுல அறுபடாது. ஹைவேல உனக்கு தெரியாததுக்கு இதான் காரணம்.

இப்ப கிரீன் சர்க்கிளுக்கு வா. நீ ஸ்லோ பண்ற, இவன் நிறுத்தப் போறான்னு பாக்ஸ் கீழ் கியருக்கு ரெடியாவுது. பாதியில நீ காலை எடுத்து லேசா ஆக்சிலேட்டர் தொடற, சரி போறான்னு மேல் கியரை மாட்டுது. அடுத்த நொடியே கேப் பாத்து அழுத்தி மிதிக்கற. இப்ப உனக்கு வேணும்றது கீழ் கியர், கையில ரெடியா கீறது மேல் கியர். அதைக் கழட்டி இதை மாட்டி கிளட்ச் பிடிக்கறதுக்குள்ள டைம் போவுது, டர்போ வேற அந்த ஆர்பிஎம்ல தூங்கினு இருக்கும். ரெண்டும் சேந்து முழிக்கும்போது உனக்கு குதிக்கற மாதிரி தெரியுது. வண்டி கெட்டுப்போல, அதோட கணக்கு தப்பிப் போவுது, அவ்ளோதான்.

அதிர்வு வேற விஷயம். ஊர்ந்து போறப்ப கிளட்ச் முழுசா பிடிக்காம ஹாஃப் கிளட்ச்லயே வழுக்கினு இருக்கும். டிரை கிளட்ச்சுக்கு எண்ணெய் கிடையாது, சூட்டை காத்தும் இரும்பும்தான் வாங்கணும். நம்ம ஊரு மே மாசத்துல ரோடே கொதிக்குது, அதுல பாலத்து ஏத்தத்துல ஹாஃப் கிளட்ச்லயே நின்னா சூடு ஏறாம இன்னா பண்ணும்?

ஒண்ணு கேக்கறேன். பாலத்துல நிக்கும்போது பிரேக்ல நிறுத்தறியா, ஆக்சிலேட்டர்ல பிடிச்சு நிறுத்தறியா?

காட்பாடி_செடான்

அண்ணா, இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றி. பிரேக்லதான் நிறுத்துவேன், ஆனா முன் வண்டி நகர்ந்துனே இருந்தா பிரேக்கை முழுசா அழுத்தாம லேசா வெச்சு தேய்ச்சுனே போவேன். அது தப்பா?

ராணிப்பேட்டை_கியர்பாக்ஸ்

அங்கதான் சூடு ஏறுது தம்பி. பிரேக்கை நல்லா அழுத்தினா கிளட்ச் விட்டுடும், அதுக்கு ரெஸ்ட். லேசா வெச்சா கிளட்ச் ஒரு பக்கம் வண்டியை இழுக்கும், பிரேக் இன்னொரு பக்கம் பிடிக்கும், நடுவுல தேய்றது கிளட்ச் பிளேட்டு. நிக்கறதா இருந்தா அழுத்தி நில்லு. போறதா இருந்தா முன்னாடி ஒரு வண்டி நீளம் கேப் விழட்டும், அப்புறம் ஒரே மூச்சுல போய் திரும்ப அழுத்தி நில்லு. ரெண்டடி ரெண்டடியா மட்டும் நகராதே. ஆட்டோ ஹோல்ட் இருந்தா போட்டுக்கோ, நின்னதும் அதுவே பிடிச்சுக்கும், கிளட்ச்சும் விட்டுடும்.

வார்னிங் வந்தா பயப்படாதே. ஓரமா நிறுத்தி பார்க்ல போடு, ஆறினதும் கிளம்பு. அப்ப இன்ஜினை ஓடவிடணுமா, ஆஃப் பண்ணணுமான்றது கம்பெனிக்கு கம்பெனி மாறும், உன் ஓனர் மேனுவல்ல எடுத்துப் பாரு.

குடியாத்தம்_ரைடர்

மன்னிக்கணும், எனக்கு இது ஒத்துக்கல. ஆட்டோமேட்டிக் வாங்கறதே டிராஃபிக்ல கால் வலிக்காம போறதுக்குத்தான். மேனுவலை விட லட்சத்துக்கு மேல கூட குடுத்து வாங்கிட்டு, கேப் விடு, அழுத்தி நில்லு, ஒரே மூச்சுல போன்னு வண்டி ஓட்டவே திரும்ப கத்துக்கணுமா? காட்பாடி பாலத்துல ஒரு வண்டி நீளம் கேப் விட்டா அதுக்குள்ள ரெண்டு ஆட்டோ, மூணு பைக் பூந்துடும், இது இங்க ஓட்றவங்க எல்லாருக்கும் தெரியும். டிராஃபிக்குக்கு ஆகாத பாக்ஸை டவுன்ல ஓட்றவங்களுக்கு வித்தா அது விக்கறவங்க மேல தப்பு. ஷோரூம்ல டெஸ்ட் டிரைவ் எங்க குடுக்கறாங்க? காலியா கிடக்கற பைபாஸ்ல. அங்க எந்த கியர்பாக்ஸும் நல்லாத்தான் இருக்கும்.

ராணிப்பேட்டை_கியர்பாக்ஸ்

டெஸ்ட் டிரைவ் பத்தி நீ சொல்றது நூத்துக்கு நூறு நெஜம் தம்பி, அதை நானும் சொல்லுவேன். வாங்கறவங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கிரீன் சர்க்கிளை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் கையெழுத்தே போடணும். ஆனா வாங்கினவனுக்கு இப்ப கையில இருக்கற வண்டியை காப்பாத்தற வழிதானே வேணும், அதான் சொல்லினு இருக்கேன்.

சத்துவாச்சாரி_சார்

இந்த விவாதத்துல எல்லாரும் விட்டுட்ட ஒண்ணை நான் சொல்றேன். தம்பிங்களா, ஸ்போர்ட்டின்னா டூயல் கிளட்ச்தான்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, அப்படி இல்ல. டார்க் கன்வர்ட்டர்னு ஒண்ணு இருக்கு. அதுல இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எண்ணெய்தான் சுத்தி சக்தியைக் கடத்துது, ஊர்ந்து போறப்ப வழுக்கறது எண்ணெய், பிளேட் இல்ல, அதனால தேயறதுக்கு ஒண்ணும் கிடையாது. ஸ்பீடு பிடிச்சதும் உள்ள இருக்கற லாக்-அப் கிளட்ச் பிடிச்சுக்கும், அப்ப வழுக்கலும் நின்னுடும். சூடாச்சுன்னாலும் அந்த எண்ணெய் கூலருக்குப் போய் ஆறி வரும்.

2022-ல ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ரெண்டும் வந்தப்போ 1.0 இன்ஜினுக்கு 6 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டரும் 1.5-க்கு 7 ஸ்பீடு டிஎஸ்ஜியும் குடுத்தாங்க. நான் ரெண்டையும் சாவகாசமா ஓட்டிப் பாத்துட்டு 1.0 எடுத்தேன். 115 பிஎஸ், எனக்கு அது தாராளம். சிஎம்சி வாசல்ல ஆம்புலன்ஸுக்கு வழி விட்டு, ஆட்டோவுக்கு வழி விட்டு, ரோட்டைக் கடக்கற பேஷண்ட்டுக்கு நின்னு போனாலும் ஒரு உலுக்கல் கிடையாது. மாடி பார்க்கிங் ராம்ப்ல பிரேக்கை விட்டா தானா ஏறும்.

இன்னொரு தகவல். பிஎம்டபிள்யூ எம்5 காரு 2011-ல 7 ஸ்பீடு டூயல் கிளட்ச்சோட வந்துச்சு. 2017-ல அடுத்த தலைமுறை வந்தப்போ அதை எடுத்துட்டு 8 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டர் போட்டாங்க. அப்புறம் எம்3, எம்4-லயும் அதேதான். 600 குதிரை சக்தி வண்டிக்கே டார்க் கன்வர்ட்டர் போதும்னு ஆயிடுச்சு. இதை ஸ்போர்ட்டி இல்லைன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது.

ஆம்பூர்_டர்போ

சார் நீங்க சொன்ன எம்5 விஷயம் கரெக்ட்தான், ஆனா அந்த பாக்ஸ் வேற லெவல், நம்ம பட்ஜெட்ல வர்ற 6 ஸ்பீடை அதோட சேத்துப் பேசக்கூடாது. நான் 1.5 டிஎஸ்ஜி வெச்சிருக்கேன், ஆம்பூர்ல இருந்து வேலூருக்கு டெய்லி வர்றேன், அதனால பாதி ஹைவே பாதி டவுன். என் அனுபவத்துல டி மோடுதான் (சாதாரண டிரைவ்) பாதி பிரச்சனைக்குக் காரணம். டி-ல மைலேஜுக்காக சீக்கிரம் சீக்கிரம் மேல் கியருக்குப் போயிடும், 50-ஐத் தொடறதுக்குள்ளயே அஞ்சாவது கியர்ல உக்காந்துடும், ஆர்பிஎம் 1,300 கிட்ட இருக்கும். இந்த 1.5 டர்போல முழு டார்க் (முறுக்கு விசை) 250 என்எம் வர்றதே 1,600-ல இருந்துதான். அதுக்குக் கீழ இருந்து மிதிச்சா யோசிக்கத்தான் செய்யும்.

அதுக்காக டவுன் ஃபுல்லா எஸ் மோடுல (ஸ்போர்ட்) ஓட்டணும்னு இல்ல, எஸ்-ல கியரை பிடிச்சு வெச்சுக்கும், காலை எடுத்தா இன்ஜின் பிரேக்கிங் அதிகமா இருக்கும், ஊர்ந்து போறப்ப டி-யை விட மோசம். நான் பண்றது சிம்பிள். டி-லயே போவேன், கேப் வருதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்ச உடனே, மிதிக்கறதுக்கு முன்னாடியே, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருக்கற இடது பேடில் சுவிட்சை ஒரு தட்டு தட்டுவேன். கியர் இறங்கிடும், அப்புறம் மிதிச்சா உடனே வரும். கொஞ்ச நேரத்துல அதுவே டி-க்கு திரும்பிடும். மாதனூர் கிட்ட சர்வீஸ் ரோட்ல இருந்து ஹைவேல சேரும்போது பின்னாடி லாரி வேகமா வர்றப்ப இதை செய்யாம நான் உள்ள நுழைய மாட்டேன், அந்த ஒரு செகண்ட் அங்க ரொம்ப முக்கியம்.

ஏலகிரி பத்தியும் சொல்லணும். ஏர்றப்ப எஸ் மோடு போட்டா 14 கொண்டை ஊசிலயும் வளைவுக்கு முன்னாடியே செகண்டுக்கு இறங்கி ரெடியா இருக்கும், அந்த சுகத்துக்குத்தான் இந்த வண்டியே வாங்கினேன். இறங்கறப்பதான் ஜாக்கிரதை. டி-ல விட்டா ஆக்சிலேட்டர் தொடலையேன்னு மேல் கியருக்குப் போகப் பாக்கும், நீங்க பிரேக்லயே கால் வெச்சு இறங்கணும், கீழ வர்றதுக்குள்ள பிரேக் வாசனை அடிக்கும். மேனுவல் மோடுல செகண்ட்ல பூட்டிட்டு இறங்குங்க, பிரேக்குக்கு வேலை நல்லாவே குறையும்.

தொரப்பாடி_அக்கா

நான் டூயல் கிளட்ச் எஸ்யூவி ஓட்றேன், பசங்க ஸ்கூல், மார்க்கெட், வாரத்துல ஒரு நாள் ஸ்ரீபுரம் பக்கம், எல்லாமே டவுன் ஓட்டம்தான். எனக்கு பெரிய தொந்தரவா இருந்தது டிராஃபிக் இல்ல, எங்க வீட்டு வாசல் ராம்ப். ரோட்ல இருந்து ரிவர்ஸ்ல ஏத்தணும், நல்ல செங்குத்து. மெதுவா ஏத்தலாம்னு ஆக்சிலேட்டரை நூல் பிடிச்ச மாதிரி தொட்டா வண்டி நடுங்கும், கிளட்ச் கருகற வாசனை வரும். ரிவர்ஸும் கிளட்ச்ல வழுக்கித்தான் ஏறுதுன்னு தெரிஞ்சப்புறம், கண்ணாடி கேமரா எல்லாம் நேரா வெச்சு, ஸ்டியரிங் நேராக்கிட்டு, ஒரே சீரா கொஞ்சம் அழுத்தமா மிதிச்சு நிக்காம ஏத்திடறேன். நடுவுல நின்னு நின்னு திருத்தறது கிடையாது, கோணலாப் போச்சுன்னா கீழ வரைக்கும் இறக்கி முதல்ல இருந்து ஏத்துவேன்.

ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப் (வண்டி நின்னதும் இன்ஜினை தானா நிறுத்தறது) பட்டன் இருந்தா டிராஃபிக்ல ஆஃப் பண்ணிடுங்க தம்பி. நீங்க சொன்ன வெட்டுல பாதி அதனாலகூட இருக்கலாம், இன்ஜின் ஸ்டார்ட் ஆகறதும் கிளட்ச் பிடிக்கறதும் ஒண்ணா நடக்குது.

வாலாஜா_பெட்ரோல்ஹெட்

டிரை கிளட்ச், வெட் கிளட்ச் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பேசாதீங்க. உலகத்துல முதல்ல ரோட்டுக்கு வந்த டூயல் கிளட்ச் காரு 2003-ல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32, அதுல இருந்தது 6 ஸ்பீடு வெட் கிளட்ச், பிளேட்டெல்லாம் எண்ணெயில முங்கி இருக்கும், சூடு எண்ணெயோட போயிடும். டிரை டைப் அப்புறம் வந்தது, எடை கம்மி, எண்ணெய் பம்புக்கு சக்தி செலவாகாது, மைலேஜ் வரும், சின்ன இன்ஜினுக்கு சரியா இருக்கும். டிக்யூ200 தாங்கற அளவே 250 என்எம்தான், 1.5 டர்போ குடுக்கறதும் 250. அதாவது விளிம்புல நிக்குது. 2025-ல இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ 370 என்எம், அதுக்கு வெட் கிளட்ச்தான் போட்டிருக்காங்க. அதனால ரீமேப் பண்ணி (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி) டார்க் ஏத்தலாம்னு யோசிக்கற பசங்க முதல்ல பாக்ஸ் எவ்ளோ தாங்கும்னு பாருங்க. வெட் கிளட்ச் எடுத்தா எண்ணெயும் ஃபில்டரும் டைமுக்கு மாத்தணும், 6 ஸ்பீடுக்கு 60,000 கிலோமீட்டர்னு கணக்கு. அந்த செலவையும் சேத்துக்கோங்க.

குடியாத்தம்_ரைடர்

இதெல்லாம் படிச்சப்புறம் நான் முன்னாடி சொன்னதுல இன்னும் உறுதியா இருக்கேன். அக்கா ராம்ப்ல ஏத்தற முறை, ஆம்பூர் ப்ரோ பேடில் தட்றது, அண்ணன் சொன்ன கேப், எல்லாமே ஓட்றவங்க பாக்ஸுக்காக வேலை செய்றது. தினம் டவுன் மட்டுமே ஓட்றவங்களுக்கு சத்துவாச்சாரி சார் வழிதான் நியாயம்னு என் கருத்து.

ஆம்பூர்_டர்போ

டவுன் மட்டும்னா நானும் ஒத்துக்கறேன் ப்ரோ. ஆனா வாரத்துல ரெண்டு நாளாவது ஹைவே, மாசத்துக்கு ஒரு மலைன்னு இருக்கறவனுக்கு டார்க் கன்வர்ட்டர்ல அந்த கூர்மை கிடைக்காது. பேடில் தட்டினதும் இன்ஜின் குரல் மாறி அந்த நொடியே இழுக்குது பாருங்க, அது எனக்கு டெய்லி டிராஃபிக் கஷ்டத்தை விட பெருசு. இது எனக்கு மட்டும், எல்லாருக்கும் சொல்லல.

காட்பாடி_செடான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இந்த வாரம் ஃபுல்லா அண்ணன் சொன்ன மாதிரியே ஓட்டினேன், பிரேக்கை தேய்க்காம அழுத்தி நின்னு, ஆட்டோ ஹோல்ட் போட்டு, அக்கா சொன்ன ஸ்டார்ட் ஸ்டாப்பையும் ஆஃப் பண்ணிட்டு. அதிர்வு நல்லாவே குறைஞ்சிருக்கு, பாலத்துல கேப் விட்டா பைக் பூந்துதான் போறாங்க, போகட்டும், அதனால நான் லேட்டாகல. கிரீன் சர்க்கிள்ல பேடில் தட்றது இன்னும் கைக்குப் பழகல, ஆனா தட்டின நேரம் எல்லாம் அந்த குதிப்பு வரல. செகண்டுக்கு மாறுறப்ப வர்ற வெட்டு மட்டும் வண்டி சூடானப்புறம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அதுக்கு என்ன பண்ணலாம் அண்ணா? இன்னொண்ணு, அப்பாவும் இந்த வண்டி எடுப்பாரு, முப்பது வருஷமா மேனுவல் ஓட்றவரு, அவருக்கு ஏதாவது தனியா சொல்லணுமா?

ராணிப்பேட்டை_கியர்பாக்ஸ்

அப்பாவுக்கு ஒண்ணும் சொல்லத் தேவையில்ல தம்பி. மேனுவல் ஓட்டினவங்க ஹாஃப் கிளட்ச்ல நிக்கமாட்டாங்க, உள்ள கிளட்ச் கீதுன்னு மட்டும் சொல்லிடு, மத்ததை அவரே பாத்துப்பாரு. இடது கால் மட்டும் சும்மா இருக்கட்டும், பழக்கத்துல கிளட்ச்னு நெனச்சு பிரேக்கை மிதிச்சுடப் போறாரு.

வெட்டுக்கு, ஸ்கேனர் போட்டு கிளட்ச் அடாப்டேஷன் பண்ணச் சொல்லு. பிளேட்டு தேயத் தேய பிடிக்கற இடம் நகரும், கம்ப்யூட்டர் பழைய கணக்குலயே இருந்தா வெட்டும். அடாப்டேஷன் பண்ணா புது இடத்தை கத்துக்கும். "அப்படித்தான் இருக்கும்"னு சொன்னா விடாதே, வாரன்டி இருக்கும்போதே ஜாப் கார்டுல கம்ப்ளெயின்ட்டை எழுத வெச்சு காப்பி வாங்கிக்கோ. பண்ணியும் போகலன்னா கிளட்ச் பேக்கை பாக்கணும், அப்ப உன் கையில அந்த பேப்பர் இருக்கணும்.

லத்தேரி_யூஸ்டு_கார்

நான் பெங்களூர்ல இருந்து ஒரு பழைய டிஎஸ்ஜி வண்டி பாத்துனு இருக்கேன், 55,000 ஓடியிருக்கு, நல்ல விலைக்கு வருது. ஒரே ஓனர். எதைப் பாக்கணும் அண்ணா?

ராணிப்பேட்டை_கியர்பாக்ஸ்

கிலோமீட்டரை விடு, எங்க ஓடுச்சுன்னு கேளு. பெங்களூர் டிராஃபிக்ல 55,000 ஓடின கிளட்ச் வேற, சென்னை-பெங்களூர் ஹைவேல 55,000 ஓடின கிளட்ச் வேற. ஓனரோட வீடு எங்க, ஆபீஸ் எங்கன்னு விசாரிச்சாலே பாதி தெரிஞ்சுடும்.

போறப்ப வண்டியை முன்னாடியே சூடு பண்ணி வெக்க வேணாம்னு சொல்லிடு, பானெட் ஜில்லுனு இருக்கும்போது நீயே ஸ்டார்ட் பண்ணு. அரை மணி நேரம் டிராஃபிக்ல ஓட்டி சூடாக்கிட்டு, காலை லேசா வெச்சு ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்டுக்கு மாத்தவிட்டு பாரு, வேகமா மிதிச்சா தெரியாது, மெதுவா போனாத்தான் நடுக்கம் தெரியும். அப்புறம் ஒரு ஏத்தத்துல ரிவர்ஸ் ஏத்து. செகண்ட்லயும் ரிவர்ஸ்லயும் நடுங்கி, ஃபர்ஸ்ட்ல சுத்தமா இருந்தா ரெட்டைப்படை கிளட்ச் தேஞ்சிருக்கு, ஏன்னா அந்த ரெண்டும் ஒரே கிளட்ச்ல போவுது. கிளட்ச் பேக்கை தனித்தனியா மாத்த முடியாது, செட்டா வாங்கணும், அந்த காசை விலையில குறைச்சுக் கேளு. குறைக்கலன்னா வண்டியை விட்டுட்டு வா. டாஷ்ல கியர் நம்பர் மினுக்கினா அது மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸை ஆட்டுவிக்கற கம்ப்யூட்டர் யூனிட்) பக்கமா இருக்கலாம், அதுக்கு இன்னும் பெரிய செலவு, அதை எடுக்கவே எடுக்காதே. ஸ்கேன் ரிப்போர்ட் கிடைச்சா இங்க போடு, பாத்து சொல்றேன்.